பெங்களூரில் கல்லூரிக்கு மடிக்கணினி வாங்குவோருக்கு

கல்லூரியில் இடம் உறுதியான அன்றே மடிக்கணினியையும் வாங்கிவிட வேண்டும் என்ற பரபரப்பு பல வீடுகளில் காணப்படுகிறது. ஓசூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ பிள்ளையைப் பெங்களூருக்கு அனுப்பும் பெற்றோர், பெட்டி படுக்கையோடு அதையும் கொடுத்தனுப்பிவிட்டால் ஒரு கவலை தீர்ந்தது என்று நினைப்பது இயல்புதான். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக இருக்கும் குடும்பங்களிலும் இதே கதைதான். ஆனால் அந்த அவசரத்துக்குப் பெரும்பாலும் தேவை இருப்பதில்லை. பொறியியல் முதலாண்டில் எல்லாத் துறையினருக்கும் ஏறக்குறையப் பொதுவான பாடங்களே இருக்கின்றன. சி, பைத்தான் நிரல்களை எழுதிப் பழகக் கல்லூரி ஆய்வகக் கணினியே போதும். சில தனியார் கல்லூரிகள் கட்டணத்தோடு சேர்த்து மடிக்கணினியையும் தந்துவிடுகின்றன. சில துறைகள் வகுப்பு தொடங்கிய பிறகுதான் இன்ன மென்பொருள் வேண்டும், குறைந்தது இவ்வளவு ரேம் (ஓடும் நிரல்களுக்கான தற்காலிக நினைவகம்) வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புகின்றன. ஆகவே துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, அதற்கும் மேலாக அதே துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசிவிட்டு வாங்குவதே நல்லது. அவரிடம் என்ன மாடல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதைவிட, எந்த மென்பொருளைத் திறந்தபோது கணினி திணறியது, மதியத்துக்குப் பிறகு பேட்டரி தாங்குகிறதா, வாரத்தில் எத்தனை நாள் அதைக் கல்லூரிக்குத் தூக்கிப் போகிறீர்கள் என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும்.

மடிக்கணினியில் சில உறுப்புகளைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றை வாங்கிய நாளில் இருந்தபடியே கடைசி ஆண்டுவரை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியைப் பெரும்பாலான மாடல்களில் மாற்ற முடியும். பேட்டரி தளர்ந்தால் புதிதாகப் போடலாம். சில மாடல்களில் ரேமையும் கூட்டலாம். கணினியின் மூளையான பிராசஸரையோ, எடையையோ, தாய்ப்பலகையில் பற்றவைத்த ரேமையோ, உடலின் உறுதியையோ யாராலும் மாற்றித் தர முடியாது. மங்கலான திரைக்குப் பதிலாக நல்ல திரை போட்டுக்கொள்வதும் செலவுக்குக் கட்டுப்படியாகும் வேலை அன்று. விளம்பர அட்டைகளோ பின்னால் மாற்றக்கூடியவற்றையே பெரிய எழுத்தில் அச்சிட்டு, மாற்ற முடியாதவற்றை அடியில் பொடி எழுத்தில் போடுகின்றன. கையிலுள்ள பணத்தை மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் ஒதுக்கி, எஞ்சியதை மற்றவற்றுக்குத் தர வேண்டும் என்பதுதான் இங்கே சொல்லப்போகும் அனைத்துக்கும் அடிப்படை.

படிப்பு கேட்பது என்ன

பி.காம்., பிபிஏ, சட்டம், கலைப் பாடங்கள் ஆகியவற்றில் சேர்வோருக்குக் கனமான கணினி வேண்டியதில்லை. உலாவி, எக்செல், இணையவழி வகுப்பு, திட்ட அறிக்கை ஆகியவற்றோடு வணிகவியல் மாணவருக்குக் கணக்கு எழுதும் டாலியும் சேரும். டாலி பெங்களூரையே தலைமையகமாகக் கொண்ட நிறுவனத்தின் மென்பொருள். விண்டோஸுக்காக எழுதப்பட்டது என்பதால் ஆப்பிள் கணினியில் நேரடியாக ஓடாது. கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்ப்பவர்கள், விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

கணினி அறிவியல் மாணவர்களுக்கு விலையுயர்ந்த கேமிங் கணினி கட்டாயம் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. ஜாவா, பைத்தான், தரவுத்தளம், வலைப்பக்கம் என்று முதல் மூன்று ஆண்டுகளில் வரும் எதற்கும் படக்காட்சிகளைக் கையாளும் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படுவதில்லை. டர்போ சி என்னும் பழைய நிரல் எழுதும் மென்பொருள் இன்னும் உயிரோடிருக்கும் ஆய்வகங்கள் உண்டு. அதை ஓட்ட எந்தக் கணினியும் போதும். உண்மையில் இந்தத் துறையினருக்குத் தேவைப்படுவது ரேம். கைப்பேசிச் செயலிகளை எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும், திரையிலேயே ஓடும் அதன் போலிக் கைப்பேசியையும் ஓடவிட்டு, உலாவியில் பத்துப் பக்கங்களையும் திறந்து வைத்தால் 8 ஜிபி நிரம்பி வழிந்துவிடும்; கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் மெய்நிகர் இயந்திரத்தில் லினக்ஸ் ஓட்டும் பாடம் வந்தாலும் அதே நிலைதான். இயந்திரக் கற்றலுக்கு என்விடியா கார்டு உதவும் என்பது மெய். கூடா என்னும் மென்பொருள் அடுக்கு அந்த நிறுவனத்தின் கார்டுகளில் மட்டுமே இயங்குகிறது. ஆயினும் பாடத்திட்ட அளவிலான பயிற்சிகளை, இணையவழியே நிரல் ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் கட்டணமின்றியே செய்துவிடலாம். நான்காம் ஆண்டுத் திட்டப்பணியை எண்ணி முதலாண்டிலேயே கூடுதல் பணத்தைக் கொட்டி, நான்கு ஆண்டுகளும் கூடுதல் எடையைச் சுமப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இயந்திரவியல், கட்டடவியல், கட்டடக்கலை மாணவர்களின் நிலை வேறு. சாலிட்வொர்க்ஸ், ரெவிட் ஆகிய வரைவு மென்பொருள்கள் இரண்டும் விண்டோஸுக்கு மட்டுமே வருகின்றன. ஆட்டோகேடுக்கு ஆப்பிள் பதிப்பு இருந்தாலும் விண்டோஸ் பதிப்பிலுள்ள எல்லா வசதிகளும் அதில் இல்லை. ஆட்டோடெஸ்க் நிறுவனம் தகுதியுள்ள மாணவர்களுக்கு மென்பொருளைக் கட்டணமின்றித் தருவதால் மென்பொருள் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்தப் பணத்தைக் கணினியில் போடலாம். முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்க வேண்டிய கட்டடக்கலை மாணவருக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்மையாகவே வேண்டும். அதிலும் கார்டின் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 4 ஜிபி நினைவகம் உள்ளதும் 6 ஜிபி உள்ளதும் விற்கின்றன. ஆர்டிஎக்ஸ் 4050 கார்டை ஒரு தயாரிப்பாளர் 35 வாட்டிலும் மற்றொருவர் 115 வாட்டிலும் ஓடும்படி அமைக்கலாம். இரண்டின் வேகமும் ஒன்றாக இருக்காது. கார்டின் நினைவகம் எவ்வளவு, அதற்கு ஒதுக்கப்பட்ட வாட் எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலுள்ள விவரப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேக்புக் ஏர் பற்றிப் பலரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடலாம். எடை குறைவு, நாள் முழுவதும் தாங்கும் பேட்டரி, விசிறி இல்லாததால் சத்தமின்மை ஆகியவை அதன் பலம். 2024 அக்டோபர் முதல் அடிப்படை மாடலிலும் 16 ஜிபி நினைவகம் வருகிறது. ஆப்பிளின் மாணவர் விலையும் உண்டு. கணினி அறிவியல், ஊடகம், கலைப் பாடங்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். இயந்திரவியலுக்கும் கட்டடவியலுக்கும் பொருந்தாது. ரேம், எஸ்எஸ்டி இரண்டும் பலகையோடு பற்றவைத்தவை என்பதால் வாங்கும் நாளில் எடுக்கும் முடிவே கடைசி முடிவு.

பிராசஸரின் பெயரை முழுதாகப் படிப்பது

“ஐ5 இருக்கிறதா?” என்று கேட்டு, இருக்கிறது என்ற பதிலோடு திருப்தி அடைபவர்கள்தான் கடைக்காரர்களுக்கு மிகவும் பிடித்தமானவர்கள். ஐ5 என்பது வரிசையின் பெயர் மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும்தான் பிராசஸரை அடையாளம் காட்டுகின்றன. இன்டெலின் ஐ5-1235யு என்பதில் முதல் இரண்டு இலக்கங்கள் 12-ஆம் தலைமுறையைக் குறிக்கின்றன. கடைசியிலுள்ள யு, குறைந்த மின்சாரத்தில் ஓடி பேட்டரியைச் சேமிக்கும் வகை என்பதைக் காட்டுகிறது. அந்த இடத்தில் எச் இருந்தால் கூடுதல் வேகம், கூடுதல் சூடு, கூடுதல் விசிறிச் சத்தம் என்று கொள்ளலாம். வரைவு மென்பொருள் ஓட்டுபவருக்கு எச் வகை பொருத்தம். வகுப்புக்கும் நூலகத்துக்கும் தூக்கிச் செல்பவருக்கு யு வகையே பொருத்தம்.

ஒரே வரிசைப் பெயருக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்க முடியும் என்பதற்கு ஐ3 நல்ல எடுத்துக்காட்டு. பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகளைக் கோர் என்கிறார்கள். ஐ3-1215யு பிராசஸரில் 2 பெரிய கோர்களும் 4 சிறிய கோர்களும் உள்ளன. ஐ3-என்305 பிராசஸரில் உள்ள 8 கோர்களும் சிறியவையே. ஆறைவிட எட்டு பெரிது என்று விற்பனையாளர் விளக்குவார். ஆனால் கோப்பைத் திறப்பது, எக்செலில் சூத்திரம் ஓட்டுவது போன்ற அன்றாட வேலைகளில் ஒற்றைக் கோரின் வேகமே பெரிதும் உணரப்படுகிறது. அங்கே 1215யு முந்திவிடும். செலரான், பென்டியம், என்100 போன்றவற்றைக் கல்லூரிப் படிப்புக்குத் தவிர்த்துவிடலாம்.

இன்டெலுக்குப் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் எண்களைப் படிக்க இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு, ரைசன் 5 7540யு ஆகிய மூன்றும் கடை அட்டையில் அண்ணன் தம்பிகளைப் போல அடுத்தடுத்து நிற்கும். இவற்றில் முதல் இலக்கமான 7, 2023-ஆம் ஆண்டு வரிசை என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு எது என்பதை மூன்றாவது இலக்கம் சொல்கிறது. அதன்படி 7520யு-வில் இருப்பது 2019-இல் வெளிவந்த ஜென் 2 வடிவமைப்பு; 7530யு-வில் ஜென் 3; 7540யு-வில் ஜென் 4. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் வேறுபாட்டுக்காக 7520யு எடுப்பவர், ஒரு முழு வடிவமைப்புத் தலைமுறையை விட்டுக்கொடுக்கிறார்.

2023 இறுதியிலிருந்து இன்டெலும் பெயர்களை மாற்றிக்கொண்டு, ஐ என்னும் எழுத்தை விட்டுவிட்டு, கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று விற்கிறது. புதிய பெயர் என்பதால் புதிய சரக்கு என்று எண்ண வேண்டாம். கோர் 5 120யு, 13-ஆம் தலைமுறையின் வடிவமைப்பிலேயே வந்தது. கோர் அல்ட்ரா வரிசையே உண்மையில் புதியது. செயற்கை நுண்ணறிவுக் கணினி என்று ஒட்டியிருக்கும் பளபளப்பான வில்லைக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. மாணவர்கள் பயன்படுத்தும் நுண்ணறிவுச் சேவைகளில் பெரும்பாலானவை உலாவி வழியே வேறெங்கோ உள்ள சர்வரில் ஓடுபவை. ஸ்னாப்டிராகன் பிராசஸர் உள்ள விண்டோஸ் கணினிகளில் பேட்டரி நன்றாகத் தாங்கும். ஆனால் பொறியியல் மென்பொருள்களும் ஆய்வகக் கருவிகளின் டிரைவர்களும் அவற்றில் ஓடுமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

ரேமும் எஸ்எஸ்டியும்

இப்போது வாங்கும் கணினியில் 16 ஜிபி ரேம் இருப்பது நல்லது. விண்டோஸும் பின்னணி நிரல்களும் சேர்ந்து சும்மா இருக்கும்போதே 8 ஜிபியில் பாதிக்கு அருகில் எடுத்துக்கொள்கின்றன. முன்பெல்லாம் 8 ஜிபி உள்ளதை வாங்கிக்கொண்டு ஓராண்டு கழித்து, கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் இன்னொரு 8 ஜிபியைச் சேர்த்துக்கொள்வது சிக்கனமான வழியாக இருந்தது. அந்த வழி இரண்டு காரணங்களால் குறுகிவிட்டது. ஒன்று, மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். மற்றொன்று, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது.

சேர்க்க இடம் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குள் மெமரியைத் தேர்ந்தெடுத்தால், வரைபடத்துக்குக் கீழே எத்தனை ஸ்லாட்டுகள் உள்ளன, அவற்றில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்று காட்டும். அதற்கடுத்த வரியில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் எஸ்ஓடிம் என்று இருந்தால் அது கழற்றி மாட்டக்கூடியது. ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் பற்றவைத்தது. அரை நிமிட வேலைதான் என்றாலும், கூடுதல் ஸ்லாட் இருக்கிறது என்று விற்பனையாளர் வாயால் சொல்வதை இதைவிட எளிதாகச் சரிபார்க்க வழியில்லை. பற்றவைத்த 8 ஜிபி மட்டும் இருந்து, வேறு ஸ்லாட்டும் இல்லையென்றால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

எஸ்எஸ்டியில் 512 ஜிபி போதும். வேகமான என்விஎம்இ வகை என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். மலிவான சில மாடல்களில் இஎம்எம்சி என்ற பெயரில் 64 அல்லது 128 ஜிபி சேமிப்பகத்தைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். விண்டோஸ் புதுப்பிப்புகளுக்கே இடம் போதாமல் தவிக்க நேரும்.

திரை, எடை, பேட்டரி

திரையின் அளவு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தரம் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட பழைய வகையை ஏற்கவே வேண்டாம். 1920-க்கு 1080 அல்லது சற்று உயரம் கூடிய 1920-க்கு 1200 இருக்க வேண்டும். பாட நூல்களையும் நிரல்களையும் படிப்பதற்கு உயரம் கூடிய திரை மிகவும் வசதி. டிஎன் வகைத் திரையைப் பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ பார்த்தால் நிறங்கள் தலைகீழாகும். ஐபிஎஸ் வகையில் அந்தக் குறை இல்லை. வெளிச்சத்தை நிட் என்னும் அலகில் குறிக்கிறார்கள். 250 நிட் அறைக்குள் போதும், சன்னலோர மேசையிலும் கல்லூரி வராந்தாவிலும் படிப்பவருக்கு 300-க்கு மேல் வேண்டும். விவரப் பட்டியலில் நிற வரம்பு 45 சதவீத என்டிஎஸ்சி என்று இருந்தால் சிவப்பு நிறம்கூடச் செங்கல் நிறமாகத்தான் தெரியும். காட்சித் தொடர்பியல், வடிவமைப்பு மாணவர்கள் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருப்பதையே எடுக்க வேண்டும், பி.காம். மாணவருக்கு இது பெரிய விஷயமில்லை.

எடையின் அருமை இந்த ஊரில்தான் நன்றாகத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு மெஜஸ்டிக்கில் பர்ப்பிள் லைனிலிருந்து கிரீன் லைனுக்கு மாறும் கூட்டத்திலோ, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட யெல்லோ லைனில் எலக்ட்ரானிக் சிட்டிக்கு நின்றுகொண்டே போகும்போதோ, முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு 1.5 கிலோவுக்கும் 2.4 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே உறைக்கும். கேமிங் கணினியின் சார்ஜரே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடலாக இருந்தால் ஒரு 65 வாட் சார்ஜரே கைப்பேசிக்கும் கணினிக்கும் பொதுவாகிவிடும். விடுதி அறையில் இருக்கும் ஒற்றைப் பிளக்குக்கு மூன்று பேர் போட்டியிடும் சூழலில் இது சிறிய வசதி அன்று.

பேட்டரி 12 மணி நேரம் தாங்கும் என்ற விளம்பரத்தை நம்பாமல், வாட்-ஹவர் எண்ணைப் பார்த்து நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். எழுத்து வேலை, உலாவி ஆகியவற்றுக்கு ஒரு சாதாரண மடிக்கணினி ஏறத்தாழ 10 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 42 வாட்-ஹவர் பேட்டரி நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். 56 வாட்-ஹவர் ஐந்தரை மணி நேரம் தரும். காலை வகுப்பில் தொடங்கி மாலை ஆய்வகம்வரை இருப்பவருக்கு 50-க்குக் கீழே போவது சிரமம்.

பேயிங் கெஸ்ட் விடுதிகளில் இருப்போருக்கு ஒரு குறிப்பு. உலோக உடல் கொண்ட கணினியைச் சார்ஜில் போட்டுத் தொடும்போது விரலில் மெல்லிய கூச்சம் ஏற்பட்டால், பெரும்பாலும் அந்தப் பிளக்கில் எர்த் இணைப்பு இல்லை என்று பொருள். மூன்று முனைச் சார்ஜரை இரண்டு முனை அடாப்டரில் செருகினாலும் இப்படி நேரும். விடுதிக்காரரிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். மாலை மழைக்குப் பேர்போன ஊர் என்பதால் பைக்கு மழையுறை வாங்குவதையும் கணினிச் செலவிலேயே சேர்த்துவிடலாம்.

எங்கே, எப்படி வாங்குவது

எஸ்.பி. ரோடு என்று அழைக்கப்படும் சதர் பத்ரப்பா சாலை, டவுன்ஹாலுக்கு அருகில், கிரீன் லைனில் சிக்பேட்டையிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ இறங்கி நடக்கும் தொலைவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கன்னடம், தமிழ், இந்தி எல்லாம் கலந்து பேரம் நடக்கும் அந்தச் சந்துகளில் தமிழ் பேசும் கடைப் பையன்கள் நிறையவே உண்டு. ரேம், எஸ்எஸ்டி, சார்ஜர், பழைய கணினி ஆகியவற்றுக்கு அது நல்ல இடம். புதிய கணினிக்கு அங்கே விலை கேட்டால் சில கடைகளில், “பில் வேணாம்னா ரெண்டாயிரம் கம்மி பண்ணித் தரேன் அண்ணா” என்பார்கள். ஒத்துக்கொள்ளவே கூடாது. மடிக்கணினிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியைத் தவிர்க்கும் அந்தச் சலுகையில் மிச்சமாவது கடைக்காரருக்குத்தான். வாரண்டி தேதியில் சிக்கல் வந்தாலோ, கணினி திருடு போய்க் காவல் நிலையத்தில் புகார் தர நேர்ந்தாலோ, சீரியல் எண் அச்சிட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் நம் பேச்சு எடுபடாது.

பெட்டியை நம் கண்முன்னே பிரிக்கச் சொல்ல வேண்டும். பெட்டியின் பக்கத்திலுள்ள சீரியல் எண், கணினியின் அடிப்பாகத்திலுள்ள எண், பில்லில் உள்ள எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தால் வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று தெரியும். சில மாதங்கள் கிடங்கில் கிடந்த சரக்கானால் அந்த மாதங்கள் வாரண்டியில் கழிந்திருக்கக்கூடும். அப்படி இருந்தால் பில்லைக் காட்டித் தேதியைத் திருத்தித் தரும்படி விண்ணப்பிக்கலாம். வாரண்டியிலும் இரண்டு வகை உண்டு: வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பது ஒன்று, சர்வீஸ் சென்டருக்கு நாமே தூக்கிச் செல்வது மற்றொன்று. விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவரின் கணினி கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ பழுதானால் அங்கே என்ன வழி என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கீழே விழுந்து உடைவதையும் தேநீர் சிந்துவதையும் வழக்கமான வாரண்டி ஏற்காது. அதற்கெனத் தனியாக விற்கும் பாதுகாப்புத் திட்டத்தை விடுதியில் தங்கும் மாணவருக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. நீட்டித்த வாரண்டிக்கு அந்த அளவு முதலிடம் தர மாட்டேன்.

வட்டியில்லாத் தவணை என்ற சொல்லில் ஒரு சிறு செலவு ஒளிந்திருக்கிறது. 60,000 ரூபாய்க் கணினியின் தவணையில் வட்டி 4,000 ரூபாய் என்றால், அந்தத் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, வங்கி வட்டியாக அதையே வசூலிக்கிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியான 720 ரூபாயும், பல வங்கிகளில் செயல்முறைக் கட்டணமும் நம் தலையில்தான் விழும். கல்விக் கடன் எடுப்பவர்கள் வேறொரு வழியையும் பார்க்கலாம்: இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம், படிப்பை முடிக்கத் தேவையான கணினியின் விலையையும் கடனுக்குரிய செலவாக ஏற்கிறது. கடன் விண்ணப்பத்திலேயே விலைப்பட்டியலை இணைத்துவிட வேண்டும். பிறகு சேர்ப்பது கடினம். தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி அங்குள்ள கல்வி நிறுவனங்களில் படிப்போருக்கானது. பெங்களூரில் சேர்பவர் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது.

விண்டோஸ் இல்லாமல் விற்கும் கணினியின் விலைக் குறைவில் மயங்கி, பிறகு கடையில் திருட்டு விண்டோஸைப் போட்டுக்கொள்வது நல்லதல்ல. லினக்ஸ் பயன்படுத்தத் தெரிந்தவர் தாராளமாக அத்தகைய கணினியை வாங்கலாம். ஆபீஸ் மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கொடுப்பதற்கு முன், கல்லூரி தரும் மின்னஞ்சல் முகவரியில் மைக்ரோசாஃப்ட் 365 கட்டணமின்றிக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய கணினி வாங்குவதானால்

பெங்களூருக்கே உரிய ஒரு வசதி இது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களுக்காகக் குத்தகைக்கு எடுக்கும் கணினிகளைச் சில ஆண்டுகளில் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அவை துடைத்துச் சரிசெய்யப்பட்டு எஸ்.பி. ரோட்டுக்கும் இணையக் கடைகளுக்கும் வந்து சேர்கின்றன. திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் ஆகிய வணிக வரிசைக் கணினிகளின் விசைப்பலகையும் கீலும் உடலும், மலிவான புதிய கணினிகளில் காண முடியாத உறுதி கொண்டவை. குறைந்த பணமே கையில் இருப்பவருக்கு, செலரான் போட்ட புதிய கணினியைவிட இவற்றில் ஒன்றையே பரிந்துரைப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது பிராசஸரின் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-க்கு இன்டெலின் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். திங்க்பேட் டி470-க்கும் டி480-க்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் டி470 பெரும்பாலும் 7-ஆம் தலைமுறை, டி480 8-ஆம் தலைமுறை. எலைட்புக் 840 ஜி5, லாட்டிடியூட் 7490 ஆகியவையும் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையைச் சேர்ந்தவை. 7-ஆம் தலைமுறைக் கணினியில் விண்டோஸ் 11 ஓடுவதாகக் கடைக்காரர் காட்டினால், அது குறுக்கு வழியில் நிறுவப்பட்டது.

அடுத்தது பூட்டு. பழைய நிறுவனத்தின் பெயரில் பதிவு நீக்கப்படாத கணினிகள் சில சந்தைக்கு வந்துவிடுகின்றன. கடையிலேயே விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, மறுபடி தொடங்கும்போது கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைக்க வேண்டும். அப்போது ஏதேனும் நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொன்னால், எவ்வளவு மலிவானாலும் அந்தக் கணினி வேண்டாம். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் நுழையும்போது கடவுச்சொல் கேட்டாலும் அப்படியே. பேட்டரியின் நிலையை அறிய, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோட்டுக்குப் பின் பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து எழுதினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிடலாம். 50 வாட்-ஹவர் பேட்டரி 30-க்கு இறங்கியிருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேச வேண்டும். கீலை மெல்லத் திறந்து மூடி, எல்லா விசைகளையும் தட்டி, எல்லா யுஎஸ்பி துளைகளிலும் பென்டிரைவைச் செருகி, கேமராவையும் மைக்கையும் இயக்கிப் பார்க்க வேண்டும். இறுதியாண்டில் நிறுவனங்கள் நடத்தும் இணையவழித் தேர்வுகள் கேமரா இல்லாமல் தொடங்கவே தொடங்காது. கடை தரும் வாரண்டி எத்தனை மாதம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

புதியதோ பழையதோ, வாங்கிய முதல் வாரத்தில் கணினிக்கு ஓய்வு கொடுக்கக் கூடாது. மாற்றித் தரும் காலம் பல இடங்களில் 7 நாள்தான் என்பதால், துறை கேட்கும் மென்பொருள் அனைத்தையும் அதற்குள் நிறுவி ஓட்டி, திரையை முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் மாற்றிச் செத்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு முறை பேட்டரியை முழுதாகத் தீரவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பில்லைப் படமெடுத்துத் தங்கள் மின்னஞ்சலுக்கும் பெற்றோரின் கைப்பேசிக்கும் அனுப்பி வைத்தபின், பெட்டியையும் அதற்குள்ளிருந்த தெர்மகோலையும் அந்த 7 நாள் முடியும்வரை கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கலாம். பெட்டி இல்லாமல் பல கடைகள் மாற்றித் தருவதில்லை.